இலக்கம் கூப்பிட்டால் எழும்பாதவர்

ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சனில் யோகலிங்கத்தைத் தெரிந்தவர்களுக்கு அவருடைய பிடிவாதமும் தெரியும். பாண் தொழிற்சாலையில் மா குழைக்கிற இயந்திரத்தோடு மல்லுக்கட்டுகிற மனிதர். ஞாயிற்றுக்கிழமை சபைக்கு முதல் ஆளாக வந்து கதிரை அடுக்குவார். தானுண்டு தன் வேலையுண்டு என்று இருப்பார். ஆனால் அரசாங்கம் கொடுக்கிற இலக்கம் எதையும் தானாகக் கேட்டு வாங்கமாட்டார். கேட்காமல் தபாலில் வந்து சேர்ந்தால் மனைவி ஜெயமலர் எடுத்துக் கோப்புக்குள் வைப்பாள். அது அவருடைய கணக்கில் பாவமில்லை. கேட்டு வாங்கினால் பாவம். இந்தச் சட்டத்தை எங்கே கண்டுபிடித்தாரோ, அது அவருக்குத்தான் வெளிச்சம்.

ஆண்டவர் மனிதரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர், இலக்கம் போட்டுக் கூப்பிடுகிறவன் மற்றவன், சாத்தான். அவருடைய விசுவாசம் இந்த ஒரு முடிச்சில் நின்றது. சபைப் பாஸ்டர் கூப்பிட்டு இருத்திச் சொல்லிப் பார்த்தார்.

"அண்ணை, மிருகத்தின்ர இலக்கம் எண்டு வேதத்தில சொல்லுறது இதையில்லை. நானே மூண்டாவது பாஸ்போட்டும் மாத்திப்போட்டன்."

யோகலிங்கம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "உங்களுக்குச் சரி, பாஸ்டர். என்னால ஏலாது."

அதனால் பாஸ்போட் எடுக்காமல், வந்த நாள் முதல் அவர் ஜெர்மனியின் எல்லையைத் தாண்டவில்லை. பாரிஸில் நடந்த கலியாணத்தையும் லண்டனில் நடந்த செத்தவீட்டையும் கைபேசியில்தான் பார்த்தார். சனம் அதைச் சபைக்காரக் கிறுக்கு என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனது. சிரித்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. டொக்டரிடம் இலக்கம் கூப்பிட்டால் அவர் எழும்பமாட்டார். முகம் வெளிறி, கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருப்பார். யாராவது பின்னால் நின்று "அண்ணை" என்று கூப்பிட்டால் திடுக்கிட்டுத் திரும்புவார். கூப்பிட்டவனைப் பார்த்ததும் அந்த முகம் வாடிப்போகும். அவருக்கு நிசாந் என்று ஒரு தம்பி இருந்தான், போரோடு போய்விட்டான் என்பதற்கு மேல் ஜெயமலருக்கே எதுவும் தெரியாது. கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார்.

இப்படியே காலம் போயிருக்கும், மகள் குறுக்கே வராவிட்டால். ஜசிந்தாவுக்குப் பதினாலு வயது. அவளுடைய வகுப்பு இங்கிலாந்துக்குப் போக ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. அங்கே போகப் பாஸ்போட் வேண்டும். பிள்ளையின் பாஸ்போட்டுக்குத் தாயும் தகப்பனும் சம்மதிக்க வேண்டும். ஜெயமலர் சின்ன வயதிலேயே இங்கே வந்து வளர்ந்தவள். அவள் உடனே கையெழுத்து வைத்துவிட்டாள்.

"இஞ்சருங்கோ, எல்லாப் பிள்ளையளும் போகுதுகள். இவள் மட்டும் வேற வகுப்பில போய்க் குந்தியிருக்கிறதோ?"

"அவளுக்குப் பேர் இருக்கு. நாங்கள் வைச்ச பேர்."

"பாஸ்போட்டிலயும் அந்தப் பேர்தானே இருக்கப்போகுது."

"பேரைப் பாத்தோ கூப்பிடுவாங்கள்? இலக்கத்தைப் பாத்துத்தான்."

ஜெயமலர் அடுப்படிக்குள் போய்ச் சட்டிபானைகளோடு சண்டை பிடித்தாள். ஜசிந்தா சண்டை பிடிக்கவில்லை, தகப்பனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். வேலையால் வந்ததும் "அப்பா, தேத்தண்ணி போடவோ?" என்று கேட்கிறவள் இப்போது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். அவரைக் கொன்றது இந்த மௌனம்தான். சாத்திய கதவுக்கு முன்னால் ஒரு பின்னேரம் நின்று, "நகரசபையில நாள் குறிச்சு டெர்மின் எடு பிள்ளை. நான் வாறன். இலக்கம் இல்லாமல் தரச்சொல்லி அவையிட்டயே கேக்கிறன்" என்றார். அப்படி ஒரு பாஸ்போட் உலகத்திலேயே கிடையாது என்று ஜசிந்தாவுக்குத் தெரியும். ஆனாலும் அவர் வருவதே பெரிது என்று வாயை மூடிக்கொண்டாள்.

ஜெயமலருக்கு அன்று வேலை. தகப்பனும் மகளும்தான் நகரசபை அலுவலகத்துக்குப் போனார்கள். வாசலில் இருந்த இயந்திரம் இலக்கம் போட்ட ஒரு துண்டைத் துப்பியது. ஜசிந்தா அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். சுவரில் இருந்த திரையில் இலக்கங்கள் மாறின. மாறும்போதெல்லாம் மணிச்சத்தம் ஒன்று கேட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் யாரோ ஒருவர் எழுந்து நடைபாதைக்குள் போய் மறைந்தார்கள். போனவர்கள் வேறு வாசலால் வெளியேறினார்கள்போல, ஒருவரும் திரும்பி அந்தக் கூடத்துக்கு வரவில்லை. யோகலிங்கம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு கையாலும் கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பா, என்ன செய்யுது?"

அவர் ஜெயமலருக்குச் சொல்லாததை அங்கே, ஆட்களுக்கு நடுவில், தாழ்ந்த குரலில் சொன்னார்.

"ஊரில ஆமி அடைச்சு வைச்ச முகாமில எங்களுக்கு ஒரு அட்டை. அம்மா அப்பா முதலே ஷெல்லில போயிட்டினம். நானும் நிசாந்தும்தான். அட்டையில ரெண்டு பேர், இலக்கம் ஒண்டு. சாமான் குடுக்கிறதெண்டாலும் ஒலிபெருக்கியில இலக்கத்தைத்தான் கூப்பிடுவாங்கள். நான் தண்ணி வரிசையில நிக்கிறன். எங்கட இலக்கம் கேக்குது. அவன் அட்டையைத் தூக்கிக் காட்டிச் சிரிச்சான். அண்ணை, நான் போட்டு வாறன் எண்டான்."

மணி அடித்தது. வேறு யாரோ எழுந்து போனார்கள்.

"பிறகு?"

"பிறகென்ன. அவன் வரேல்லை. நான் போய்க் கேட்டன். பேரைச் சொன்னன். பேர் வேண்டாம், இலக்கத்தைச் சொல் எண்டாங்கள். சொன்னன். அந்த இலக்கம் வந்திட்டுது, பதிஞ்சாச்சு, போ எண்டாங்கள்." அவர் திரையை ஒருதரம் பார்த்தார். "பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் ஆரைக் கேட்டவங்கள் எண்டு எனக்குத் தெரிஞ்சிருக்கும். அவனையோ, என்னையோ எண்டு இண்டைக்கும் தெரியாது, பிள்ளை."

ஜசிந்தா அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு இங்கிலாந்தும் வகுப்பும் மறந்துபோயின.

மணி அடித்தது. திரையில் அவர்களுடைய இலக்கம் நின்றது. பழக்கத்தில் ஜசிந்தா துண்டோடு எழுந்தாள். யோகலிங்கம் அவளுடைய மணிக்கட்டை எட்டிப் பிடித்தார். பிடித்த பிடியில் அவளுக்கு நொந்தது.

"நீ இரு. நான் போறன்."

துண்டை வாங்கிக்கொண்டு நடைபாதைக்குள் தனியே போனார். மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு பெண் இருந்தாள். பல நாள் சொல்லிச் சொல்லிப் பழகி வைத்திருந்த ஜெர்மன் வசனத்தை அவர் நின்றபடியே ஒப்புவித்தார்.

"என்னுடைய மகளுக்குப் பெயர் இருக்கிறது."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். அதன் அர்த்தம் அவளுக்கு விளங்கவில்லை. ஆனால் முகம் சுளிக்கவில்லை. "நல்லது. அப்படியென்றால் அவளைக் கூப்பிடுங்கள். கைரேகை எடுக்க அவள் வேண்டும்" என்றாள்.

யோகலிங்கம் நடைபாதையின் வாசலுக்கு வந்தார். கூடம் நிறையச் சனம், எல்லோருடைய கண்ணும் திரையில். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடாத இடம் அது.

"ஜசிந்தா!"

தொழிற்சாலை இரைச்சலில் பழகிய குரல். கூடமே திரும்பிப் பார்த்தது. ஜசிந்தா வெட்கத்தில் முகம் சிவக்க ஓடிவந்தாள். "அப்பா, கத்தாதேங்கோ." அவளை உள்ளே விட்ட பிறகும் அவர் வாசலை விட்டு அசையவில்லை. இன்னொரு பெயர் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. கதிரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"வேறு யாராவது வரவேண்டியிருக்கிறதா?" என்று அந்தப் பெண் உள்ளேயிருந்து கேட்டாள்.

ஜசிந்தா திரும்பித் தகப்பனைப் பார்த்தாள்.

"இல்லை. இனி ஒருத்தரும் இல்லை" என்றார் யோகலிங்கம். வந்து கதிரையில் இருந்து, இலக்கம் வேண்டாம் என்று கேட்காமலே சம்மதத்தில் கையெழுத்தை வைத்தார்.