ஊர்ப்பேனா

என் வீட்டுக்காரரின் சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும். ஒன்று அவருடையது. இன்னொன்று ஊருடையது.

'ஊர்ப்பேனா' என்பது அவர் வைத்த பெயர். கடை வாசலில் கொத்தாகத் தொங்குமே, அந்தப் பால்பாயிண்ட் பேனா. யார் வந்து "ஒரு நிமிஷம், பேனா குடுங்களேன்" என்று கை நீட்டினாலும் அதுதான் போகும். திரும்பி வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, அவருக்குக் கவலையில்லை. அவருடையது மைப்பேனா. அதை யாருக்கும் தரமாட்டார். கட்டிக்கொண்டு வந்த நான் கேட்டாலும் தரமாட்டார். கல்யாணமான புதிதில் யாரோ போனில் சொன்ன நம்பரை எழுதிக்கொள்ள, மேசைமேல் கிடந்ததே என்று அதை எடுத்துவிட்டேன். குளியலறையிலிருந்து தலையில் தண்ணீர் சொட்டச்சொட்ட ஓடிவந்தார். "அழுத்தினியா? அழுத்தி எழுதினியா?" என்று கேட்டுக்கொண்டே பேனாவை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கி முள்ளைப் பார்த்தார். ஒருவர் கையின் சாய்வுக்குப் பழகிய முள், இன்னொருவர் கை பட்டால் கெட்டுவிடுமாம். நான் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் அதைக் கவனித்தாரா என்பதே சந்தேகம்.

அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களை இருட்டறையில் உட்காரவைத்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டு, பவரைச் சீட்டில் எழுதிக் கொடுப்பார். அந்தச் சீட்டைப் பார்க்க வேண்டும். நீலக்கறுப்பு மையில் ஒவ்வொரு எண்ணும் குளித்துத் தலைவாரி உட்கார்ந்திருக்கும். கண்ணாடி வாங்கிய பிறகும் சிலர் சீட்டைத் தூக்கிப்போட மனசில்லாமல் பர்ஸிலேயே வைத்திருப்பதாகச் சொல்வார்கள். அதைக் கேட்டுவிட்டால் போதும், அன்று சாயங்காலம் வீட்டுக்குள் வரும்போதே கால் தரையில் பாவாது.

வீட்டிலும் அப்படித்தான். சோப்பு, சர்க்கரை, பல்பு என்று மளிகைக் கடைக்குச் சீட்டு எழுதினாலும் மைப்பேனாதான். நோட்டும் கண்டதாக இருக்கக்கூடாது. நூல் போட்டுத் தைத்ததாக இருக்க வேண்டும், விரித்தால் மேசையில் படிந்து கிடக்க வேண்டும், மை மறுபக்கம் ஊறக்கூடாது. புது நோட்டு வந்தால் முதலில் தாளை விரலால் தடவிப் பார்ப்பார், பிறகு மோந்து பார்ப்பார். காலையில் காப்பி ஆறும்வரை ஒரு பக்கம் எழுதுவார். பெரிதாக ஒன்றும் இருக்காது. "இன்று மேகமாக இருக்கிறது. குழாயில் தண்ணீர் தாமதமாக வந்தது." அவ்வளவுதான். எழுதி முடித்ததும் ஈர மை பளபளத்துக் காய்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும். முள் தாளில் உரசும் சத்தம் எனக்கும் பிடிக்கும். அதை அவரிடம் சொன்னதில்லை. ஏற்கெனவே தலைகால் புரியாமல் ஆடுகிற மனுஷன்.

அவருடைய அக்காவுக்கு இதெல்லாம் ஒரே வேடிக்கை. தம்பியை 'மைக்கூடு' என்றுதான் கூப்பிடுவார். எனக்கு அவர் அண்ணி. தையல்காரர். புருஷன் போன பிறகு ஒருத்தர் கையையும் எதிர்பார்க்காமல், இரண்டு தெரு தள்ளி ஒரு அறையில் மிஷின் போட்டுக் காலம் தள்ளியவர். சாக்பீஸால் கோடு போடாமலே துணியில் கத்தரிக்கோலை ஓட்டுவார், பார்க்கிற நமக்குத்தான் பக்கென்று இருக்கும். நாங்கள் போனால், "டேய் மைக்கூடு, துணிப்பக்கம் வராத. ஒரு சொட்டு தெறிச்சுது, உன்னையும் சேத்து வெட்டிடுவேன்" என்பார். இவரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கதவோரமாக நிற்பார்.

அந்த அண்ணிக்குத் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்றார்கள். செய்தார்கள். கட்டியில் பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்னபோது எங்களுக்கு உயிர் வந்தது. ஆனால் கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்திருந்தார்கள். அது இருக்கும்வரை பேச்சு வராது. வலது கையைப் பலகையோடு சேர்த்துக் கட்டி அதில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. பகலில் நான் கூட இருப்பேன். கடை முடிந்ததும் அவர் வருவார், நான் வீட்டுக்குப் போய்ச் சமைப்பேன். பார்வையாளர் நேரம் முடிந்ததும் அவரும் கிளம்பிவிட வேண்டும்.

ஒருநாள் காலையில் நாங்கள் போனபோது அண்ணியின் கட்டிலைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். டிரிப்ஸ் ஊசி நரம்பை விட்டு நழுவியிருக்கிறது. மருந்து சதைக்குள்ளேயே இறங்கியிருக்கிறது. முந்தின நாள் சாயங்காலமே நழுவியிருக்க வேண்டும் என்றார் டாக்டர். போர்வைக்கு அடியில் இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லையாம். கை தொடைபோல வீங்கி, மணிக்கட்டுக்கு மேலே தோல் கறுத்துப்போயிருந்தது. நான் வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். "பாக்க ஆளில்லையா? மருந்து போட்டா பாக்க வேண்டாமா?" என்று அங்கே நின்ற நர்ஸம்மாவைப் பிடிபிடியென்று பிடித்தேன்.  இவர் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். அக்காமேல் உயிர், அதிர்ச்சியில் நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கறுத்த தோலை எடுத்தார்கள், வேறு தோல் வைத்துத் தைத்தார்கள். புண் ஆறியது. ஆனால் கட்டை விரலும் பக்கத்து விரலும் மடங்க மறுத்தன. நாளாக ஆகக் கொஞ்சம் இளகலாம், ஆனால் கத்தரிக்கோல் பிடிக்கிற அளவுக்கு வராது என்று சொல்லிவிட்டார்கள். அண்ணி அழவில்லை. அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ஒருநாள் இவர் கடையிலிருந்து சீக்கிரமே வந்தார். சட்டையைக்கூட மாற்றவில்லை. இருக்கிற பேனாவையெல்லாம் எடுத்தார். சமையலறைத் தொட்டியில் ஒவ்வொன்றாக மையைப் பீய்ச்சிக் கழுவினார். தொட்டியெல்லாம் நீலம். துடைத்து, ஒரு பழைய துண்டில் சுருட்டி, பீரோவின் அடித்தட்டில் வைத்தார். நோட்டும் கூடவே போனது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"என்ன, சாமியாரா போகப் போறீங்களா?"

அவர் குழாயை மூடினார். பிறகு சொன்னார். கடைக்கு ஒரு பெரியவர் வந்திருக்கிறார். கை நடுங்குகிறவர். சீட்டில் எழுதுவதைப் பார்த்துவிட்டு, "எனக்கெல்லாம் பேனா பிடிச்சு எழுதவே முடியல தம்பி, அழுத்த பலமில்ல" என்றிருக்கிறார். இவருக்குத்தான் பேனா என்று யாராவது வாயெடுத்தால் போதுமே. "இதுக்கு அழுத்தவே வேண்டாங்க. சும்மா தாள்மேல வச்சா அதுவா எழுதும். எவ்வளவு பலமில்லாத கையா இருந்தாலும்..." என்று பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாய் நின்றுவிட்டதாம்.

"அதுக்கென்ன இப்ப?" என்றேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஊசி நழுவுச்சே, அன்னிக்குச் சாயங்காலம் அக்கா எங்கிட்ட பேனா கேட்டா."

நான் அடுப்பை அணைத்தேன்.

"முதல்ல கண்ணால அந்தக் கையைக் காட்டினா. எனக்கு வெளங்கல. குளிருதுபோலன்னு போர்வைய இழுத்து நான்தான் மூடினேன். அப்புறம் இடது கையால எழுதற மாதிரி காட்டினா. பைல இருந்து ஊர்ப்பேனாவ எடுத்துக் குடுத்தேன். மருந்து வாங்கின கவரோட பின்பக்கத்தக் காட்டினேன். அவ எழுதினா. ஒண்ணும் விழல. அழுத்த முடிஞ்சாத்தான அது எழுதும்? சும்மா கீறிக் கீறிப் பாத்தா. கவர் முழுக்கக் கீறல்தான். பேனா நழுவிக் கீழ விழுந்துச்சு. என்னையே பாத்தா. 'சரிக்கா, நாளைக்குச் சொல்லு, இப்பத் தூங்கு'ன்னுட்டு வந்துட்டேன்."

"உங்க பேனா?"

"பைலதான் இருந்துச்சு. நோட்டும் இருந்துச்சு."

எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த கரண்டியைத் தூக்கி எறிந்திருப்பேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் எறியத் தோன்றவில்லை. ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்து, "அவசரத்துல தோணலங்க. பழக்கத்துல கை அதுக்குப் போயிருக்கும்" என்றேன்.

"இல்ல" என்றார். "தோணுச்சு. கை முதல்ல என் பேனாமேலதான் போச்சு. பலமில்லாத கை, கீழ போட்டுடுவா, சிமெண்டுத் தரை, முள்ளு குத்திட்டு விழும்னு நெனச்சேன். நெனச்சுட்டுத்தான் மத்தத எடுத்தேன்."

 அவர் தரையில் உட்கார்ந்து, மை படிந்த உள்ளங்கையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். எழுந்தபோது கன்னமெல்லாம் நீலமாக இருந்தது. வேறு நாளாக இருந்தால் நான் அதைச் சொல்லிச் சொல்லியே ஒரு வாரம் சிரித்திருப்பேன்.

"அக்காகிட்டச் சொல்லிடுங்க" என்றேன். தலையை ஆட்டினார். சொல்லவில்லை.

சொல்லாமல் இருப்பது எளிதாகத்தான் இருந்தது. அதுதான் அவரைத் தின்றது. குழாயை எடுத்து, கரகரவென்று குரல் திரும்பியதும் அண்ணி எங்கள் வீட்டிலேயே வந்து தங்கினார். பார்க்க வருகிறவர்களிடம் அவரே சொல்வார்: "எரிச்சல் உயிர் போச்சு. எழுதிக் காட்டலாம்னு பாத்தேன். என் கையில ஒரு எழுத்து எழுதக்கூடப் பலமில்ல. பாவம், அவன் என்ன பண்ணுவான்? பேனாவக் குடுத்தான், கவரப் பிடிச்சான். என் நேரம்." இதைக் கேட்கும்போதெல்லாம் இவர் எழுந்து எங்காவது போய்விடுவார். மொட்டை மாடிக்குப் போவார், காயாத துணியை எடுத்து வருவார். கடையில் சீட்டு எழுதுவதும் ஊர்ப்பேனாவில்தான் என்று ஆயிற்று. இரண்டு மூன்று பேர் "என்ன சார், கையெழுத்து மாறிப்போச்சு?" என்று கேட்டார்களாம்.

அண்ணி சும்மா இருக்கிற ஆள் இல்லை. வெட்டுவதற்கு ஒரு பெண்ணை வைத்துக்கொள்ளலாம், அளவை மட்டும் தானே எடுத்து எழுதிக் கொடுத்தால் தொழில் நிற்கும் என்று கணக்குப் போட்டார். அதற்கு இடது கை எழுதப் பழக வேண்டும். எந்நேரமும் சாப்பாட்டு மேசையில் பென்சிலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். தோள், இடுப்பு, நீளம். ஆபரேஷனுக்குப் பிறகு உடம்பே தேறவில்லை, பென்சிலை அழுத்தி அழுத்திக் கை ஓய்ந்துவிடும். எழுத்து பாதியிலேயே மங்கிவிடும். "போடா மைக்கூடு, ஒண்ணும் வரமாட்டேங்குது" என்று பென்சிலை உருட்டிவிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்த்துக்கொண்டு நின்றவர், உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர்ச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மை நிரப்பிய பேனாவும் இதுவரை பிரிக்காத ஒரு நோட்டுமாக வந்தார். நோட்டை விரித்து மேசையில் படியவைத்தார். மூடியைத் திருகிக் கழற்றி, முள் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று காட்டி, அக்காவின் இடது கையில் வைத்தார்.  அன்றைய பேனாவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அண்ணிக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். ஏனென்றால் அண்ணி தையல்காரர். ஒரு முறை தொட்டால் துணி என்ன துணி என்று சொல்லிவிடுகிறவர்.

"அழுத்தாதக்கா. சும்மா வை."

அண்ணி வைத்தார். கோடு ஓடியது. கோணல்தான், ஆனால் கறுப்பாக, முழுசாக, கையை இழுத்த பக்கமெல்லாம் வந்தது. 'தோள்' என்று எழுதினார். 'நீளம்' என்று எழுதினார். குழந்தைபோலச் சிரித்தார். "அட, இதென்னடா! பூனை நடக்கற மாதிரி போகுது. கைக்கு வேலையே இல்லையே."

அடுத்த சொல்லைப் பாதி எழுதியவர் நிறுத்தினார். முள்ளைப் பார்த்தார். தம்பியின் சட்டைப்பையைப் பார்த்தார்.

"அன்னிக்கு இது எங்க இருந்துச்சு?"

நான் குறுக்கே புகுந்து எதையாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். வாய்வரை வந்தது. அவர் முந்திக்கொண்டார்.

"எங்கிட்டதான் இருந்துச்சுக்கா. பைல. நீ கீழ போட்டுடுவன்னு குடுக்கல."  "போர்வையையும் நான்தான் மூடினேன். உன் கையில பலம் இல்லாம இல்லக்கா. நான் குடுத்த பேனாதான் எழுதல."

அண்ணி பேனாவை நோட்டின்மேல் வைத்தார். மடங்காத வலது கை மேசைமேல் கிடந்தது. அதை இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது. இவர் நாற்காலியைப் பிடித்தபடி, "இத நீயே வச்சுக்கோக்கா. எல்லாத்தையும் நீயே வச்சுக்கோ. இனிமே இதெல்லாம் எனக்கு வேண்டாம்" என்றார்.

அண்ணி பேனாவை அவர் பக்கம் தள்ளினார். மெதுவாகத்தான் தள்ளினார், உருண்டு விழாமல்.

"எனக்கு அன்னிக்குத்தான்டா வேண்டியிருந்துச்சு."

பிறகு அந்தப் பழைய பென்சிலைத் தேடி எடுத்தார். முனை மழுங்கியிருந்தது. தம்பியிடம் நீட்டினார். அவர் அதைச் சீவிக் கொடுத்தார்.