இழுத்து ஒட்டிய கம்பி

பாதி மலையாளம் கலந்து பேசும் எங்கள் கிள்ளிப்பாலத்தில் மோட்டார் காயில் சுற்றுகிறவர்கள் பலர் உண்டு. ஆனால் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியை அறுந்துபோகாமல் சுற்ற என் ஒருவனால்தான் முடியும். படிப்பு ஐந்தாம் கிளாஸ். போன செவ்வாய்க்கிழமை என்னைத் தேடி வந்தது யார் தெரியுமா? ஓர் ஆராய்ச்சிக்கூடம்!

பக்கத்து ஸ்ரீவராகத்துப் பெண் சுபா அந்தக் கூடத்தில் காந்தக் கம்பிகளை ஆராய்கிறாள். உருக்கிய உலோகத்தைச் சட்டென்று குளிரவைத்து எடுத்த கம்பி, சிலந்தி நூல் மாதிரி இருக்கும். அதைச் சின்னக் காயிலுக்குள் வைத்தால், அதன் காந்த குணம் கம்ப்யூட்டர் திரையில் ஒரு வளையமாக விழும்.

அன்று காலை அந்தக் காயில் புகைந்துவிட்டது. மூன்று மணிக்கு வெளியூர்ப் பேராசிரியர் வருகிறார். முன்பு எடுத்த அதே வளையம் அவர் கண்ணெதிரே விழ வேண்டும். இல்லாவிட்டால் ஆய்வேடு நகராது. மிச்சமிருந்த கம்பியோ ஒரே ஒரு துண்டு.

இரண்டு மணிக்குப் புதுக் காயிலோடு போய் நின்றேன். சுபா இரண்டு முறை முயன்றும் கம்பி காயிலுக்குள் நுழையவில்லை. நானே கம்பியை வாங்கி உள்ளே விட்டு, இரண்டு முனையையும் பசையால் ஒட்டினேன்.

திரையில்... சாய்ந்து படுக்க வேண்டிய வளையம் பெட்டி மாதிரி நிமிர்ந்து நின்றது.

காயில் சரியா என்று கேட்டாள். என் காயிலையா சந்தேகப்படுகிறாய் என்று எகிறினேன். காயில் சரியென்றால் தவறு தன் பக்கம்தான் என்று எடுத்துக்கொண்டாள். தன் பழைய அளவுகள் எல்லாமே தப்பு என்று கைடுக்கு மெயில் அடிக்க உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் என் விரலுக்கு உறைத்தது. காயில் சுற்றுகிறவனுக்குக் கம்பி தொய்ந்தால் பொறுக்காது. இழுத்து, நகத்தால் சுண்டிப் பார்ப்போம். இதையும் அப்படித்தான்... சொல்வதா? விடுவதா? அவள் விரல் அனுப்பும் பொத்தானுக்குப் போனது.

"மோளே, அனுப்பாதே. கம்பியை நான் இழுத்து ஒட்டிட்டேன்."

"எவ்வளவு?"

"சுண்டினா அதிர்ற அளவுக்கு."

"அய்யோ அண்ணாச்சி, இழுத்தா அதோட காந்தமே மாறிடும் கேட்டோ. அது சும்மா தொய்வாத்தான் கெடக்கணும்."

பிய்த்தால் அறுந்துவிடும். பசை இளக ஒரு முனையில் ஒரு சொட்டு அசிட்டோன் வைத்தாள். இருவரும் மூச்சுவிடவில்லை. முனை மெல்ல நழுவியது; கம்பி தொய்ந்தது.

வளையம் சாய்ந்து படுத்தது. வராந்தாவில் செருப்புச் சத்தம்!

பேராசிரியர் திரையைப் பார்த்துத் தலையாட்டினார். காயிலைச் சுற்றியது யார் என்று கேட்டார். சுபா வாயைத் திறப்பதற்குள் எழுந்து நின்றேன்.

கம்பியை ஒட்டியது யார் என்று கேட்டிருந்தால்... உட்கார்ந்தே இருந்திருப்பேன்.