மிச்சம் பிடித்தவர்

அவர் பஸ் ஓட்டியவர். இருபது வருடத்துக்கு மேல் ஒரே டிப்போ, பெரும்பாலும் ஒரே வழித்தடம். வண்டியில் ஏறினால் வாயைத் திறக்க மாட்டார். இறங்கினால் மூட மாட்டார். கையில் காசு இருந்தால், கூட இருக்கும் நாலு பேருக்கு டீ வாங்கிக் கொடுக்காமல் வீட்டுக்குப் போக மாட்டார். அப்படிப்பட்ட மனுஷன் கடைசி வருடத்தில் பஸ்ஸின் இடது பக்கக் கண்ணாடியை இரண்டு முறை தூணில் உரசி உடைத்தார். அதன் பிறகு ஓரமாக நின்ற ஒரு தள்ளுவண்டியைத் தட்டிவிட்டார். யாருக்கும் அடியில்லை. ஆனால், "அது எங்கேருந்து வந்துச்சுன்னே தெரியல சார்" என்று அவர் சொன்னதைக் கேட்டு டிப்போ மேலாளருக்குச் சந்தேகம் வந்தது. கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

அங்கே பெரிய கிண்ணம் மாதிரி இருந்த ஒரு கருவிக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். ஓரங்களில் வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். அவர் பொத்தானைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். புள்ளி வரவே காணோம். மிஷின் ரிப்பேர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு ஓரத்திலிருந்து செத்துக்கொண்டு வருகிறது என்றார் டாக்டரம்மா. போன பார்வை வராது. இருப்பதைக் காப்பாற்ற ஆயுசு முழுக்க தினமும் சொட்டு மருந்து போட்டாக வேண்டும். "போட்டா கொஞ்சம் எரியும். பழகிடும். ஆனா ஒரு நாள்கூட விடக்கூடாது, என்ன?" என்றார். அவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையாட்டினார்.

அந்த வாரமே வேலை போயிற்று. கணக்கு முடித்துக் கிடைத்த பணம் பழைய கடனை அடைக்கவும் மூத்த மகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் சரியாகப் போயிற்று. "காவல் வேலை ஏதாவது காலியானா கூப்பிடுறேன்" என்று மேலாளர் சொன்னார். கூப்பிடவில்லை.

வீட்டில் இனி ஒரே வருமானம் மனைவியுடையது. ஓட்டல்களின் படுக்கை விரிப்பும் துண்டும் துவைக்கும் ஒரு பெரிய சலவைக்கூடத்தில் அவள் இஸ்திரி போடுகிறவள். காலையிலிருந்து மாலை வரை நீராவிப் பெட்டியின் முன் நின்றபடி வேலை. பெண்கள் இருவர். பெரியவளுக்கு அந்த வருடம் பள்ளி இறுதித் தேர்வு. சின்னவளுக்கு அப்போதுதான் பால்பல் விழ ஆரம்பித்திருந்தது.

முதல் சில வாரங்கள் அவர் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தார். குளியலறைக் குழாய் ஒழுகும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு நாள் அந்தச் சத்தம் பொறுக்காமல் எழுந்து போய், குழாயைக் கழற்றி, பழைய ரப்பர் செருப்பிலிருந்து ஒரு வளையம் வெட்டிப் போட்டு ஒழுகலை நிறுத்தினார். அடுத்த முறை தண்ணீர்க் கட்டணம் வந்தபோது மனைவி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னங்க இது, பாதிகூட வரலையே!"

"ஒழுகிட்டே இருந்துச்சுல்ல. அதான்."

"பரவாயில்லையே. வீட்டுல ஆம்பள இருந்தா இதுதான்."

வேலை போன பிறகு அவரை யாரும் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அந்த ஒரு வார்த்தை அவருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. சம்பாதிக்கத்தானே முடியாது, மிச்சம் பிடிக்க முடியுமே என்று இறங்கினார்.

இறங்கியவர் லேசில் நிற்கவில்லை. துணி அலசிய தண்ணீர் கழிப்பறைக்குப் போயிற்று. தேய்ந்த சோப்புத் துண்டுகளைச் சேர்த்து ஈரத்தோடு அழுத்திப் புதுக் கட்டியாக்கினார். சந்தைக்குக் காலையில் போவதை விட்டுவிட்டு, கடை கட்டும் நேரத்தில் போனார். அடிபட்ட தக்காளி, வாடிய கீரை, ஒரு பக்கம் கறுத்த உருளைக்கிழங்கு என்று வந்த விலைக்குப் பேசி, கெட்டதை வெட்டி எறிந்துவிட்டு நல்லதைச் சமைத்தார். மளிகையை எதிர்வீட்டுத் தையல்காரம்மாவோடு கூட்டுச் சேர்ந்து மூட்டையாக வாங்கிப் பங்கு பிரித்துக்கொண்டார். ஒரு மரப்பெட்டிக்குள் பழைய கம்பளிகளைத் திணித்தார். அரிசியோ பயறோ ஒரு கொதி வந்ததும் பானையோடு அதற்குள் இறக்கி மூடிவிட்டால் மதியத்துக்குள் தானாக வெந்துவிடும். எரிவாயு உருளை இரண்டு மடங்கு நாள் வந்தது.

தையல்காரம்மா அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, அடைகாக்குறீங்களா? குஞ்சு பொரிச்சா எனக்கும் ஒண்ணு குடுங்க" என்றாள். கட்டிடம் முழுக்கச் சிரித்தது. அவருக்கு 'மிச்சம்' என்று பேர் விழுந்தது. மாடிப்படியில் பார்க்கிறவர்கள், "என்ன மிச்சம் சார், இன்னைக்கு என்ன மிச்சம்?" என்று கேட்பார்கள். அவரும் பெருமையாகப் பதில் சொல்வார்.

அதோடு நின்றிருந்தால் நல்ல குடும்பத் தலைவன் கதையாகப் போயிருக்கும். ஆனால் வாடகை ஏறியது. சலவைக்கூடத்தில் ஒரு பெரிய ஓட்டல் வாடிக்கை விட்டுப்போய், எல்லோருக்கும் வாரத்தில் ஒரு நாள் வேலை குறைந்தது. அவர் மிச்சம் பிடித்ததெல்லாம் வந்த வழியிலேயே காணாமல் போனது. அவர் பிடியை இன்னும் இறுக்கினார்.

குளிர்சாதனப் பெட்டியை நிறுத்தினார். வீட்டில் இரண்டு அறைக்கும் சேர்த்து ஒரு விளக்குதான் எரியலாம் என்றார். பெரியவள் பாடப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மாடிப்படிப் பொது விளக்கடியில் போய் உட்கார்ந்தாள். போகிறவர் வருகிறவரெல்லாம் அவளைத் தாண்டிப் போனார்கள். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் உள்ளே வந்து கத்தினாள்.

"அப்பா, எனக்கு அங்க உக்காந்து படிக்க அசிங்கமா இருக்கு."

"படிக்கிறதுல என்னம்மா அசிங்கம்?"

"நம்ம வீட்டுல லைட் போட வக்கில்லைன்னு எல்லாரும் பேசுறாங்கப்பா!"

"பேசினா பேசட்டும். பேசுறவங்களா வாடகை கட்டப் போறாங்க?"

அவள் புத்தகத்தைச் சுவரில் எறிந்துவிட்டுப் படுத்தாள். அவர் குனிந்து எடுக்கப் போய் மேசை விளிம்பில் நெற்றியை இடித்துக்கொண்டார். "மேசையை யார் இங்க நகர்த்தினது?" என்றார். யாரும் நகர்த்தவில்லை. அந்த நாட்களில் அவர் அடிக்கடி இப்படிக் கேட்டுக்கொண்டிருந்தார். நாற்காலியை யார் போட்டது, கதவை யார் பாதி சாத்தியது என்று. பிள்ளைகள் அப்பா சிடுசிடுப்பாகிவிட்டார் என்று மட்டும் நினைத்தார்கள்.

மனைவியும் ஒரு நாள் உடைந்தாள். வேலை விட்டு வந்ததும் அவளுக்கு வெந்நீரில் குளித்தாக வேண்டும். அவர் கறுப்பு வாளிகளில் தண்ணீரை மொட்டை மாடியில் வைத்து வெயிலில் சூடாக்கிக்கொண்டிருந்தார். அன்றைக்கு வானம் மூடியே கிடந்தது. முதல் குவளையை மேலே ஊற்றியதும் குளியலறைக்குள்ளிருந்து அழுகை கேட்டது.

"நாள் பூரா ஆவியில வேகுறேன். ஊர்ல உள்ளவன் படுக்கிற துணிக்கெல்லாம் சூடு போடுறேன். எனக்கு ஒரு வாளி சுடுதண்ணி கிடையாதா இந்த வீட்டுல?"

அவர் அடுப்பைப் பற்றவைக்கப் போனார். "வேண்டாம், விடுங்க" என்று நடுங்கிக்கொண்டே வெளியே வந்தாள். அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அவர் மட்டும் மீந்ததை மூடி வைத்தார், மறுநாளைக்கு.

இவ்வளவுக்கும் நடுவில் ஒரு காரியத்தை அவர் விட்டதேயில்லை. சாப்பாடு முடிந்ததும் நாற்காலியில் சாய்ந்து, தலையை அண்ணாந்து, இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு சொட்டு விட்டுக்கொள்வார். சின்னவள்தான் ஓடிப்போய் மருந்துக் குப்பியை எடுத்து வந்து கொடுப்பாள். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கிடப்பார். அதைப் பார்க்கும்போது மனைவிக்கு ஒரு நிம்மதி. இது ஒன்றாவது ஒழுங்காக நடக்கிறது என்று.

பிள்ளைகளுக்கு முடி வெட்டுவதும் வீட்டில்தான். ஒரு விடுமுறை நாள் காலையில் சின்னவளை ஸ்டூலில் உட்காரவைத்து, கழுத்தில் துண்டைச் சுற்றி, கத்தரிக்கோலை எடுத்தார். பேசிக்கொண்டே வெட்டினார். இடது பக்கம் வந்தபோது குழந்தை வீறிட்டாள். காது மடலின் நுனி வெட்டுப்பட்டிருந்தது. துண்டு சிவந்தது. அவருக்கு அப்போதும் என்ன நடந்தது என்று புரியவில்லை. "ஏன், என்ன ஆச்சு? கண்ணு, என்ன ஆச்சு?" என்று தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் தேடினார்.

பெரியவள் ஓடி வந்து காதை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மனைவி பஞ்சும் கட்டுத்துணியும் வாங்க முனை மருந்துக்கடைக்கு ஓடினாள்.

கடைக்காரர் எடுத்துக் கொடுத்துக்கொண்டே கேட்டார். "என்னக்கா, அண்ணன் கடைய மாத்திட்டாரா? சொட்டு மருந்து வாங்க ஆளையே காணோம்."

"போன வாரம்கூட வாங்கினாரே."

"இங்க வாங்கலைக்கா. அவருக்குன்னு வரவழைச்ச குப்பி ரொம்ப நாளா அப்படியே கிடந்துச்சு. தேதி முடியப் போகுதுன்னு திருப்பி அனுப்பிட்டேன்."

அவள் மீதிச் சில்லறையை வாங்காமலே வந்துவிட்டாள். முதலில் குழந்தையின் காதுக்குக் கட்டுப் போட்டாள். ரத்தம் நின்றது. குழந்தை விசும்பி விசும்பித் தூங்கிப்போனாள். அவர் மூலையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் அலமாரியைத் திறந்து மருந்துக் குப்பியை எடுத்தாள். தலையை அண்ணாந்து தன் கண்ணிலேயே ஒரு சொட்டு விட்டாள்.

"எரியலையே" என்றாள்.

அவர் ரத்தம் பட்ட துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

"எரியும்னுதானே டாக்டரம்மா சொன்னாங்க? ஆரம்பத்துல கண்ணைக் கசக்கிட்டுக் கிடப்பீங்களே? இது என்ன தண்ணி?"

"கொதிச்சு ஆறின தண்ணிதான்," என்றார் அவர். "பச்சைத் தண்ணி இல்ல."

அதைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பெரியவள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

"எத்தனை நாளா?"

"வாடகை ஏத்தினாங்கல்ல, அதுலேருந்து. அந்தச் சின்னக் குப்பி விலைக்குப் பாதி மாச மளிகை வருது. உன்னைக் குளிருல நடுங்க விட்டேன். அவளை மாடிப்படியில உக்கார வச்சேன். எல்லார் வயித்துலயும் கை வச்சேன். என் பங்குக்கு நான் மட்டும் எதையும் விடாம இருந்தா நியாயமா, சொல்லு?"

"கண்ணை விடுறதா பங்கு?"

"அது எப்படியும் போறதுதானே."

அவள் குப்பியைத் தூக்கி எறியவில்லை. மெதுவாக மேசைமேல் வைத்தாள்.

மறுநாள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். மறுபடியும் அதே கிண்ணம், அதே பொத்தான். டாக்டரம்மா கருவி தந்த படத்தைப் பார்த்துவிட்டு வெகுநேரம் எழுதிக்கொண்டே இருந்தார். இடது கண்ணில் உறிஞ்சுகுழல் வழியாகப் பார்க்கிற அளவுக்குத்தான் மிஞ்சியிருந்தது. அதுவும் நிலைக்காது. வலதைக் காப்பாற்றப் பார்க்கலாம்.

"ஏன் நிறுத்தினீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார். மனைவிதான் சொன்னாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"முடியலைன்னு ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாமே. இதே மருந்து வேற கம்பெனியில கால்வாசி விலைக்குக் கிடைக்குது. அதுவும் முடியலைன்னா கீழ இருக்கிற கவுண்டர்ல எழுதிக் குடுத்தா சும்மாவே தருவாங்க. கேக்கணும்ல?"

ஒரு கிலோ அழுகல் தக்காளிக்குக் கடைக்காரனோடு அரை மணி மல்லுக்கட்டுகிற மனுஷன் இந்த ஒரு இடத்தில் கேட்கவில்லை. சந்தையில் பேரம் பேசினால் கெட்டிக்காரன் என்பார்கள். இங்கே கேட்டால் இல்லாதவன் என்று தெரிந்துவிடும் என்று கூச்சம். வரும் வழியில் நடைபாதையில் நின்று இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மக்கள் ஒதுங்கிப் போனார்கள். அவள் பக்கத்திலேயே நின்றாள்.

அந்த வருடம் முடிவதற்குள் இடது கண் முழுக்க இருண்டது. பெரியவள் தேர்வு எழுதினாள். இரண்டு பாடம் போயிற்று. திரும்ப எழுதப் பணம் கட்டச் சொன்னபோது, "அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஒரு ரொட்டிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். போகாதே என்று யாரும் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் தெம்பில்லை.

மனைவி சலவைக்கூட முதலாளியம்மாவிடம் போய் நின்றாள். "மடிக்கிறதுக்கு ஒரு ஆள் எடுங்கம்மா. என் வீட்டுக்காரர்தான். கண்ணு கொஞ்சம் மட்டு. கை நல்லா ஓடும்." முதலாளியம்மா பாதிக் கூலி பேசினாள். பாதியானாலும் கூலி. அவர் துண்டுகளை விளிம்பைத் தடவித் தடவி மடிக்கக் கற்றுக்கொண்டார். முதல் மாதம் நிறையத் திரும்பி வந்தன. மனைவி தன் வேலை முடிந்த பிறகு நின்று அவற்றைத் திரும்ப மடித்தாள். இப்போது குறைந்திருக்கிறது.

சொட்டு மருந்தை ஆஸ்பத்திரிக் கவுண்டரில் அவளே வரிசையில் நின்று வாங்குகிறாள். அவளே போட்டுவிடுகிறாள். எரிகிறதா என்று கேட்பாள். எரிகிறது என்பார். கண்ணிமையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் விடுவாள். அவர்மேல் அவளுக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. வருமா என்று அவளுக்கே தெரியாது.

போன முறை அவள் வேலை முடிந்து சாயங்காலம் சோதனைக்குப் போனபோது, வலது கண் இருந்தபடியே இருக்கிறது என்றார் டாக்டரம்மா. வெளியே வந்ததும் அவர், "நடந்தே போயிடலாமா?" என்றார். அவளுக்குக் கால் கடுத்தது. அன்று முழுக்க நின்றே வேலை செய்திருந்தாள். அவரோடு வாதாட அவளுக்குத் தெம்பில்லை. அவருடைய இடது பக்கம் வந்து முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "பள்ளம் இருக்கு, பாத்து" என்று மட்டும் இடையிடையே சொல்லிக்கொண்டு வீடு வரை நடத்திக் கூட்டி வந்தாள்.