அப்டேட்

கரவெட்டி நிரோஜினி வீட்டிலிருந்தே வீடியோ கேம் செய்து இணையக் கடையில் விற்பவள். நூறு ரூபாய்க்கு விற்றால் முப்பது, சும்மா இருக்கிற கடைக்காரனுக்கு. மிச்சத்தில் பாதி வெளியீட்டாளருக்கு. அவளுடைய கேமில் படகோட்டியாகப் பேசுவது, விபத்தில் செத்துப்போன அண்ணன் கீர்த்திகன்; உயிரோடிருந்தபோது பதிவுசெய்த குரல். ஆங்கிலக் குரல் போட்டால் லாபம் கூடும் என்று வெளியீட்டாளர் நச்சரித்தார்; மாற்றினாள். இணையம் வழியே அப்டேட் தானாகப் போய், ஒரே நாளில், வாங்கியவர்கள் எல்லோருடைய கணினியிலிருந்தும் அண்ணன் குரல் அழிந்தது. விற்பனை இரட்டித்தது. அவளுக்குத்தான் சோறு இறங்கவில்லை.

ஒரு மத்தியானம், அம்மாவின் அறைக்குள்ளிருந்து அண்ணன் கூப்பிட்டான்: "ஏறுங்கோ, வெளிக்கிடுவம்."

ஓடிப்போனாள். அம்மாவின் பழைய கணினியில் படகு மிதந்தது. இணைய வயர் நிலத்தில் கிடந்தது. குனிந்து எடுத்தாள்.

"நீ மாத்தப்போறன் எண்ட அண்டைக்கே பிடுங்கிப்போட்டன்," என்றாள் அம்மா. "செருகாதை பிள்ளை. செருகினா அவன் போயிடுவான்."