எச்சில் வேறு, ஸ்பூட்டம் வேறு

சொன்னால் முகம் சுளிப்பீர்கள். எனக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. மாரண்டஹள்ளிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி லேபில் பதினெட்டு வருடமாகச் சளி பார்க்கிறவள் நான். டாக்டர் சீட்டில் 'ஸ்பூட்டம்' என்று எழுதி அனுப்புவார். எச்சிலும் அதுதான், கோழையும் அதுதான் என்று படித்தவர்களே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்: நெஞ்சின் அடியிலிருந்து இருமி வருகிற கட்டிச் சளி. டிபி கிருமி அதில்தான் அகப்படும். வாயில் ஊறுகிற எச்சிலைச் சோதித்தால் நோய் இருந்தாலும் இல்லை என்று வந்துவிடலாம். டப்பாவை வெளிச்சத்தில் ஒரு தரம் சாய்த்துப் பார்த்தாலே எது எதுவென்று சொல்லிவிடுவேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் தக்காளித் தோட்டத்தில் வேலை செய்கிற ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். மூன்று மாத இருமல், ஜாக்கெட் தோளில் நிற்காத அளவுக்கு இளைப்பு. இன்னொரு லேபில் பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்களாம். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை அவளை ஒட்டிப் படுத்துத்தான் தூங்குகிறது. டப்பாவைக் கொடுத்து, காலையில் எழுந்ததும் நன்றாக இருமி எடுத்து வா என்று அனுப்பினேன்.

மறுநாள் கொண்டுவந்தாள். தண்ணீர் மாதிரி எச்சில். வேறு டப்பா கொடுத்துத் திருப்பி அனுப்பினேன். அதற்கு மறுநாளும் அதே. டப்பாவில் சோப்பு வாசனை வேறு! எனக்கு வந்ததே கோபம்.

"ஏம்மா, நான் என்ன கேட்டேன், நீ என்ன கொண்டாந்திருக்க? வெளையாடறியா?"

அவள் கண்ணில் நீர் முட்டிவிட்டது. "சளி வருதுங்கக்கா. அதத் துப்பிட்டு, வாயக் கழுவிட்டு, டப்பாவையும் சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமாத்தான் புடிச்சாந்தேன். உங்க கையில போயி அந்த அசிங்கத்தக் குடுக்கறதுங்களா?"

அடக் கடவுளே, மரியாதை! முன்பு பார்த்த லேபுக்கும் இதே மரியாதையைத்தான் செய்திருக்கிறாள். கத்தியதற்காக எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"அந்த அசிங்கந்தான் கண்ணு எனக்கு வேணும்" என்று புது டப்பாவோடு பின்பக்க வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனேன். தள்ளி நின்று, மூச்சை எப்படி இழுத்துப் பிடிக்க வேண்டும், அடிவயிற்றிலிருந்து எப்படி இரும வேண்டும் என்று நானே செய்து காட்டினேன். மருந்து வாங்க வந்தவர்கள் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டுமே! நாலாவது இருமலில் வந்தது, மஞ்சளாக, கட்டியாக.

"இதுதான்டி ராசாத்தி!" என்று கத்தியே விட்டேன்.

டிபிதான். அன்றைக்கே மாத்திரை ஆரம்பித்தார்கள். குழந்தையையும் வரவழைத்துப் பார்த்தார்கள். நல்லவேளை, அதற்கு நோயில்லை, தடுப்பு மருந்தோடு போயிற்று. சளியைச் சோதித்துக் கிருமியைக் கண்டுபிடித்தது மிஷின்தானே என்பார்கள். மிஷினுக்கு என்ன தெரியும்? எச்சிலைப் போட்டால் எச்சிலைப் பார்க்கும். இரண்டு தரமும் இது வேண்டாம் என்று ஒதுக்கியவள் நான். அதில் எனக்குக் கர்வம் உண்டு, மறைப்பானேன்.

ஆறு மாதம் மாத்திரை முடிந்து, கடைசிப் பரிசோதனைக்கு வந்தாள். கன்னம் தேறியிருந்தது. இடுப்பில் குழந்தை. அதைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, நான் சொல்லாமலே வேப்பமரத்தடிக்குப் போனாள். வெகுநேரம் முக்கி முக்கி இருமிவிட்டு, பயந்துகொண்டே டப்பாவை நீட்டினாள்.

"திட்டாதீங்கக்கா. எவ்ளோ இருமினாலும் எச்சில்தானுங்க வருது."

வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். தண்ணீர் மாதிரி எச்சில். நெஞ்சில் சளி இருந்தால்தானே வரும்! இந்தத் தடவை நான் திருப்பி அனுப்பவில்லை.