பூட்டுக்கு அடுத்த போட்டோ

ஏழுமலை அண்ணன் போய்விட்டார்.

போன செவ்வாய்க்கிழமை, விடிகிற நேரம்... டியூட்டியிலேயே. கேட் ஓரத்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி. நெஞ்சுவலி என்கிறார்கள்.

உங்களில் யாருக்கும் அவரைத் தெரியாது. கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பெனி, அதன் பின்பக்க கேட்டில் நைட் செக்யூரிட்டி. அவரை வேலைக்கு அனுப்பிய ஏஜென்சியில் நான் ஃபீல்டு ஆபீசர். பேர்தான் பெரிசு. நாற்பது கேட்டில் இருந்து வரும் போட்டோவை எண்ணுவதுதான் வேலை.

டியூட்டி முடியும்போது கேட் பூட்டை போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். வந்தால் பிரசன்ட். வராவிட்டால் ஆப்சென்ட். அவ்வளவுதான் கணக்கு.

அவர் சேர்ந்த முதல் நாளே பூட்டுக்குப் பதில் சூரியன் வந்தது. கை தவறி எடுத்திருப்பார் என்று விட்டேன். மூன்றாம் நாளும் சூரியன். போனைப் போட்டேன்.

"இன்னா அண்ணே இது? எனக்குப் பூட்டு வேணும். சூரியன காவல் காக்கவா உங்கள போட்டுக்கீது?"

சிரித்தார். மறுநாளில் இருந்து இரண்டு போட்டோ. முதலில் பூட்டு, அடுத்து சூரியன். நான் பூட்டைப் பார்த்துக் கட்டைவிரல் போடுவேன். அடுத்ததைத் திறந்ததே இல்லை.

ஒருமுறை சைட்டுக்குப் போனபோது பேசினோம். பழவேற்காட்டுக்காரர், ஏரியில் மீன் பிடித்தவர். அங்கே தினமும் சூரியனைப் பார்த்திருப்பீர்களே என்று கேட்டேன்.

"எங்க சார்... வல இழுக்கவே சரியா இருக்கும். தலய தூக்கறதுக்குள்ள வெயில் ஏறிப்பூடும். இங்கதான் சும்மா குந்திக்கினு கீறேன்."

தரையில் சாக்பீஸால் இரண்டு பாதம் வரைந்து வைத்திருந்தார். தினமும் அதில் நின்றுதான் எடுப்பாராம்.

"தை மாசம் அந்தத் தண்ணி டேங்க் கிட்ட எந்திரிச்சுது. இப்ப பாரு சார், பொகபோக்கிய தாண்டி இந்தாண்ட வந்துடுச்சு. ஒரு வருசம் ஒரே எடத்துல நின்னு எடுத்தா, அது போயி திரும்பி வர்றது மொத்தமும் தெரியும்."

அதற்காகவே லீவு போட மாட்டார். ஒரு நாள் விட்டாலும் நடுவில் பல் போன மாதிரி ஆகிவிடும் என்பார். எனக்கும் வசதி... மாற்று ஆள் தேட வேண்டாம்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்கிறது என்றார். "இன்னும் பதினெட்டு நாள்தான் சார், வருசம் முடிஞ்சதும் ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

"சரிண்ணே" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை ஆறரை வரை போட்டோ வரவில்லை. "போட்டோ?" என்று அனுப்பினேன். ஏழு மணிக்கு, "வேலை வேணுமா வேணாமா?" என்று இன்னொன்று. ஆப்சென்ட் போட்டேன்.

பகல் ஷிஃப்ட்டுக்கு வந்த ஆள்தான் போன் செய்து சொன்னார். நான் அனுப்பிய இரண்டு மெசேஜும் அந்த போனில் அப்படியே இருந்திருக்கும். அவருடைய மகள் பார்த்திருப்பாள்.

மூன்றாம் நாள் அந்தப் பெண்ணே கூப்பிட்டாள். தேவி. திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"சார், அப்பா எடுத்த சூரியன் போட்டோல்லாம் உங்ககிட்டதானே கீது? அவரு போன்ல எடம் இல்லன்னு அனுப்புனதும் அழிச்சிடுவாரு. சார்கிட்ட பத்திரமா இருக்குதுன்னு சொல்வாரு. வருசம் முடிஞ்சதும் எல்லாத்தயும் பிரிண்ட் போட்டு வரிசயா ஒட்டிக் காட்டறேன்னாரு..."

நாற்பது கேட்டின் போட்டோ. என் போனும் ரொம்பிப்போகும். தினமும் ரிப்போர்ட் முடிந்ததும் எல்லாவற்றையும் அழித்துவிடுவேன். ரிப்போர்ட்டில் ஏறுவது பூட்டு மட்டும்.

பதினொரு மாதப் பூட்டு பத்திரமாக இருக்கிறது. அந்த முதல் மூன்று நாள் போக, ஒரு நாள் விடாமல் இருக்கிறது.

"ஆபீஸ் கம்ப்யூட்டர்ல தேடிப் பாக்கறேம்மா" என்றேன். பச்சைப் பொய். அன்றிலிருந்து தினமும் கேட்கிறாள்... "கெடச்சுதா சார்?"

இல்லை தேவி. ஒன்றுகூட இல்லை. உன்னிடம் நேரில் சொல்ல வாய் வராமல் இங்கே எழுதுகிறேன். கோழைத்தனம்தான்.

இன்று காலை அதே கேட்டில் இருந்து புது ஆள் போட்டோ அனுப்பினார். பூட்டு. கட்டைவிரல் போட்டேன்.

அடுத்தது வரும் என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

போய் வாங்க ஏழுமலை அண்ணே...