அவள் போட்ட உறை

மனைவி இறந்த எட்டாவது மாதம் எனக்கு ஜவ்வாது மலைக்கு மாற்றல் வந்தது. வேண்டாம் என்று தடுக்க வீட்டில் யாரும் இல்லை. போளூரில் பஸ் ஏறும்போது மடியில் ஒரு தூக்குச்சட்டி இருந்தது. அதில் அவள் தயிர்.

அவள் கடைசியாகப் போட்ட உறையிலிருந்து, நேற்றைய தயிரில் ஒரு கரண்டி இன்றைய பாலுக்கு என்று நாள் தவறாமல் தொடர்ந்து வந்தேன். அவள் கை இன்னும் என் அடுப்படியில் இருப்பதாக நினைப்பு. நானோ அறிவியல் வாத்தியார். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் பாலின் இனிப்பைத் தின்று புளிப்பை விடுவதால்தான் தயிர் உறைகிறது, ஊரும் பாலும் மாறினால் அந்தக் கூட்டமும் மெல்ல மாறிவிடும் என்று வகுப்பில் சொல்கிறவன். வீட்டுக்கு வந்தால் அந்தப் பாடத்தை நம்பமாட்டேன்.

மார்கழியில் ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டு அம்மா கிண்ணத்தோடு வந்தார். சாமை பயிரிடும் குடும்பம். அவர்கள் பசு கன்று போட்டு, சீம்பால் நின்று, நல்ல பால் கறக்க ஆரம்பித்திருந்தது.

“சார், பால்ல ஊத்த கொஞ்சம் ஒறமோரு குடுங்க.”

“வெளக்கு வெச்சாச்சேம்மா. காலைல வாங்க.”

“இன்னா சார், சயின்ஸ் வாத்தியாரு நீங்களே இப்டி சொல்றீங்க!” சிரித்துக்கொண்டே போனார்.

விளக்கு வைத்த பிறகு தயிர், மோர் கொடுத்தால் வீட்டு லட்சுமி போய்விடுவாள் என்பார்கள். என் வீட்டில் போவதற்கு யார் மிச்சம்? அது வெறும் சாக்கு. அவளைப் பங்கு போட எனக்கு மனம் வரவில்லை.

அன்றைக்குக் குளிர் எலும்பைத் துளைத்தது. உறையாமல் போய்விடுமோ என்று பயந்து பாலை மறுபடி சூடாக்கினேன். விரல் வைத்துப் பார்க்கவில்லை. எடுத்து வைக்க வேண்டிய கடைசிக் கரண்டியையும் சேர்த்து மொத்தத்தையும் ஊற்றித் தொலைத்தேன். காலையில் திறந்தால் திரிந்த பால்.

சொன்னபடி அந்த அம்மா கிண்ணத்தோடு வந்து நின்றார். சட்டியைக் காட்டினேன்.

“அடடா. நேத்தே குடுத்திருந்தீங்கன்னா என் வூட்ல இருந்திருக்கும். அதையே திருப்பிக் குடுத்திருப்பேன்” என்றார். அவர் குத்திச் சொல்லவில்லை. எனக்குத்தான் குத்தியது. “வுடுங்க சார். மொளகா காம்பு போட்டா ஒறஞ்சிட்டுப் போவுது.”

எனக்கும் தெரிந்ததுதான். காம்பில் ஒட்டியிருக்கும் உயிர்களே பாலைப் புளிக்க வைத்துவிடும். மிளகாய் சில நூறு வருஷங்களுக்கு முன்பு கப்பலேறி நம் நாட்டுக்கு வந்தது. தயிரோ அதற்கும் எத்தனையோ காலம் முன்பே இங்கே இருந்தது. நேற்று வந்த காய் நம் தயிருக்குத் தாயாகிறது என்று பிள்ளைகளிடம் வேடிக்கையாகச் சொல்வேன். அன்று வேடிக்கையாக இல்லை.

நாலு காம்பு கிள்ளிப் போட்டேன். முதல் தடவை கொழகொழவென்று வந்தது. அதிலிருந்து எடுத்து உறை ஊற்றிய இரண்டாம் தடவை கத்தியால் வெட்டலாம் போலக் கெட்டித் தயிர். சாமைச் சோற்றில் பிசைந்து, உப்புப் போட்டு ஒரு வாய் வைத்தேன். அவள் தயிருக்கும் இதற்கும் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. தட்டை அப்படியே வைத்துவிட்டு அழுதேன்.